33 டிகிரிக்கு ஆகும் செலவு

60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலை 37 டிகிரி செல்சியஸிலிருந்து 33 டிகிரிக்கு இறக்க எவ்வளவு ஐஸ் வேண்டும்? பள்ளிக்கூடக் கணக்குதான். மனித உடலில் ஒரு கிலோவை ஒரு டிகிரி குளிர்விக்க சுமார் 0.83 கிலோ கலோரி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 60-ஐ 0.83-ஆலும் 4-ஆலும் பெருக்கினால் 199. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரியை இழுத்துக்கொள்ளும். உருகிய தண்ணீர் 20 டிகிரி வரை சூடேறினால் இன்னொரு 20. ஆக கிலோவுக்கு 100. இரண்டு கிலோ ஐஸில் வேலை முடிந்தது.

தடுப்பூசி போட ஊருக்குள் வரும் செவிலியரின் தோள்பெட்டியில் நான்கு ஐஸ் பேக் இருக்கும், ஒவ்வொன்றிலும் 0.4 லிட்டர் தண்ணீர். அப்படி ஐந்து பேக் என்றால் அந்த இரண்டு கிலோ வந்துவிடும். பழையாறு துறைமுகத்தில் ஒரு விசைப்படகு கடலுக்குப் போகும்போது ஏற்றுகிற ஐஸுக்கு முன்னால் இது கையில் ஒட்டிய ஈரம்.

இந்தக் கணக்கைப் போடக் காரணம் உண்டு. இதயம் நின்று, மறுபடி துடிக்க வைக்கப்பட்டு, ஆனால் நினைவு திரும்பாமல் கிடக்கிற நோயாளியின் உடலைச் செயற்கையாகக் குளிர்வித்தால் மூளை பிழைக்கும் என்று உலகம் இருபது ஆண்டு நம்பியது. அதற்கென்றே இயந்திரங்கள் வந்தன. விலை பல லட்சம். நோயாளியின் மார்பிலும் தொடையிலும் ஒட்டுகிற ஜெல் பேடுகளை ஒருவருக்குப் பயன்படுத்தியபின் தூக்கிப் போட்டுவிட வேண்டும். புதிய மாவட்டம் என்றால் கோரிக்கைப் பட்டியலும் நீளமாகத்தான் இருக்கும். 2020 டிசம்பர் 28-இல் தமிழ்நாட்டின் 38-ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய மயிலாடுதுறைக்கு இன்றும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அந்தப் பெரிய கோரிக்கைக்கு நடுவே, தலைமை மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இப்படியொரு இயந்திரம் தேவையா என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? வரவு செலவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் மூளையின் கணக்கு. உடல் எடையில் அது 2 சதவீதம். உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. ரத்த ஓட்டம் நின்றால் பத்து, பதினைந்து வினாடியில் நினைவு போகும். நான்கைந்து நிமிடத்தில் செல்கள் கெடத் தொடங்கும். உடல் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை 6, 7 சதவீதம் குறையும். நான்கு டிகிரி குறைந்தால் கால் பங்கு மிச்சம். மொத்தச் சிகிச்சையும் இந்தக் கால் பங்கை நம்பித்தான் நின்றது.

இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. 1959-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 19 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். குளிர்வித்த 12 பேரில் 6 பேர் பிழைத்தார்கள். குளிர்விக்காத 7 பேரில் ஒருவர். எண்ணிக்கை சிறிது. அதனால் யோசனை கிடப்பில் கிடந்தது. அது மறுபடி எழுந்தது 2002 பிப்ரவரியில், ஒரே மருத்துவ இதழில் ஒரே நேரத்தில் வந்த இரண்டு ஆய்வுகளால். ஐரோப்பாவில் 275 பேர்: 32 முதல் 34 டிகிரியில் 24 மணி நேரம் வைக்கப்பட்ட 136 பேரில் 75 பேர் நல்ல மூளை நிலையோடு தேறினார்கள், மற்ற 137 பேரில் 54 பேர். 55 சதவீதம், 39 சதவீதம். மெல்போர்னில் 77 பேர்: 33 டிகிரியில் 12 மணி நேரம் வைத்த 43 பேரில் 21 பேர், மற்ற 34 பேரில் 9 பேர். ஐரோப்பியக் கணக்கின்படி ஆறு பேரைக் குளிர்வித்தால் ஒருவர் கூடுதலாகத் தேறுவார். மருத்துவத்தில் இவ்வளவு மலிவான ஆதாயம் அபூர்வம். மெல்போர்ன்காரர்கள் பயன்படுத்தியது வெறும் ஐஸ் பொட்டலங்கள்தான் என்பது நம்மைப் போன்ற ஊர்களுக்குக் கூடுதல் உற்சாகம் தந்திருக்க வேண்டிய செய்தி.

ஆனால் அந்த ஐரோப்பிய ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. கட்டுரைகளில் அதைப் பெரிதாக யாரும் சொல்வதில்லை. 275 பேரைச் சேர்க்க 3,551 பேரைப் பரிசீலித்தார்கள். நூற்றுக்கு எட்டுப் பேர் தேர்வானார்கள். யார் கண் முன்னாலாவது விழுந்தவர், மின் அதிர்ச்சிக்கு மசியும் வகைத் துடிப்பு உள்ளவர், சீக்கிரம் உதவி கிடைத்தவர் என்று சல்லடை போட்டு எடுத்த எட்டு. மிச்சம் 92 பேருக்கும் அதே பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை; நாம்தான் அப்படி எடுத்துக்கொண்டோம்.

இனி குளிரைத் தக்கவைக்கும் செலவுக்கு வருவோம். இறக்குவது இரண்டு கிலோ ஐஸ் சமாச்சாரம் என்றேன். 60 கிலோ உடல் சும்மா படுத்திருந்தாலே மணிக்கு சுமார் 60 கிலோ கலோரி வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும். ஒரு நாளுக்கு 1,440. குளிர்ந்த உடலில் அது கால் பங்கு குறையும் என்று வைத்தால் 1,080. இந்த வெப்பம் முழுவதையும் ஐஸே எடுக்க வேண்டுமென்றால் 11 கிலோ. பாதி ஐஸ் அறையின் வெக்கையில் வீணாகும் என்று சேர்த்தாலும், முதலில் இறக்குவதையும் கூட்டி 26 கிலோவுக்குள் அடங்கும். கிலோ 5 ரூபாய் என்று தாராளமாகப் போட்டால் 130 ரூபாய்.

இதே நோயாளி வென்டிலேட்டரோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பதற்கு, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் 2022 கட்டணப் பட்டியலில் ஒரு நாளுக்கு 9,000 ரூபாய். மூன்று நாளுக்கு 27,000. ஐஸின் பங்கு அதில் அரை சதவீதம்கூட இல்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தாங்கும் என்பதால் பணம் வாசலில் நிற்காது. தடையாக நிற்பது ஆள் பற்றாக்குறை.

மூன்று நாள் என்பது 72 மணி நேரம்; ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற கணக்கில் எட்டு மணி நேர ஷிப்ட் ஒன்பது. மணிக்கு ஒருமுறை உள்வெப்பம் குறித்தால் 72 பதிவு. அக்குளில் வைக்கும் வெப்பமானி இதற்கு உதவாது. உணவுக்குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ இறக்கும் முனை வேண்டும். ஆறு மணிக்கு ஒருமுறை பொட்டாசியம் பார்த்தால் 12 பரிசோதனை, ஏனென்றால் குளிரும்போது பொட்டாசியம் இறங்கும், சூடேற்றும்போது ஏறும், இரண்டுமே இதயத்தை மறுபடி நிறுத்தக்கூடியவை. நடுக்கம் வந்தால் உடல் உண்டாக்கும் வெப்பம் இரண்டு மூன்று மடங்காகும். இத்தனை ஐஸும் வீண். நடுக்கத்தை அடக்க மயக்க மருந்து, தசையைத் தளர்த்தும் மருந்து, அதனால் வென்டிலேட்டர். திரும்பச் சூடேற்றுவதிலும் அவசரம் கூடாது: மணிக்கு கால் டிகிரி என்றால் 33-இலிருந்து 36.5 வர 14 மணி நேரம். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு நாலு பொட்டலம் எடுத்து வைப்பதோடு முடிகிற வேலை இல்லை இது.

பணத்தில் வராத ஒரு செலவும் உண்டு. நம் ஊரில் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டி வந்து இறங்கினால் அது எதற்கென்று தெருவுக்கே தெரியும். நெஞ்சு ஏறி இறங்குகிற மனிதரின் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸை அடுக்கும்போது, 'உயிர் இருக்கும்போதே ஏங்க ஐஸ் வைக்கிறீங்க?' என்று கேட்கிற மனைவிக்குப் பதில் சொல்லப் பத்து நிமிடமாவது ஒரு மருத்துவர் உட்கார வேண்டும். எந்தக் கட்டணப் பட்டியலிலும் இந்தப் பத்து நிமிடத்துக்கு வரி இல்லை.

சரி, இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? இங்கேதான் பேரேடு தலைகீழாகிறது. 2013-இல் 939 பேரை 33 டிகிரி, 36 டிகிரி என்று பிரித்துப் பார்த்தார்கள். 33-இல் வைத்தவர்களில் 50 சதவீதம் பேர் இறந்தார்கள், 36-இல் 48. 2021-இல் அதைவிடப் பெரிய ஆய்வு, 1,850 பேருக்கு மேல். 33 டிகிரியில் 28 மணி நேரம் வைத்து மெல்லச் சூடேற்றியது ஒரு குழு. காய்ச்சல் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டது இன்னொரு குழு. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 50 சதவீதம், 48 சதவீதம். கடுமையான ஊனத்தோடு முடிந்தவர்களின் விகிதமும் சமம். ஒன்றில் மட்டும் வித்தியாசம் இருந்தது: ரத்த ஓட்டத்தைக் குலைக்கும் துடிப்புக் கோளாறு குளிர்வித்தவர்களில் 24 சதவீதம், மற்றவர்களில் 17. ஆம்புலன்ஸிலேயே குளிர்வித்தால் என்ன என்று அமெரிக்காவின் சியாட்டிலில் 1,359 பேரிடம் 4 டிகிரி சலைன் இரண்டு லிட்டர் வரை ஏற்றிப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. பலன் இல்லை. வழியிலேயே இதயம் மறுபடி நின்றது சலைன் ஏற்றியவர்களில் 26 சதவீதம், ஏற்றாதவர்களில் 21.

ஒரேயொரு வரவு மிஞ்சுகிறது. மின் அதிர்ச்சிக்கு மசியாத வகை நோயாளிகள் 581 பேரிடம் பிரான்ஸில் செய்த 2019 ஆய்வில், 33 டிகிரியில் வைத்தவர்களில் 10.2 சதவீதம் பேர் நல்ல மூளை நிலையோடு தேறினார்கள்; மற்றவர்களில் 5.7. இறப்பில் பெரிய மாற்றம் இல்லை. 22 பேரைக் குளிர்வித்தால் ஒருவருக்கு ஆதாயம் என்ற கணக்கு இது. இதை நம்பி 33-ஐ விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்படியானால் 2002-இல் கண்டது பொய்யா? இல்லை. அந்த ஐரோப்பிய ஆய்வில் குளிர்விக்காத குழுவின் வெப்பநிலைக் கோட்டைப் பார்த்தால் அது 37-ஐத் தாண்டி மேலேயே ஓடுகிறது. அவர்களின் காய்ச்சலை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. குளிர் காப்பாற்றியது என்று எண்ணியதில் ஒரு பெரும் பங்கு, சூடு கெடுத்தது என்பதாக இருக்கலாம்.

மேலை நாட்டு எண்களை இங்கே அப்படியே இறக்குமதி செய்யலாமா என்ற கேள்விக்கு விடை சென்னையிலேயே இருக்கிறது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளை 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பது வசதியான நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. அங்கே நடந்த 11 ஆய்வுகள், 1,505 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தால் 11 குழந்தைகளைக் குளிர்வித்தால் ஓர் உயிர் கூடுதலாகத் தப்புகிறது. அதே சிகிச்சையை 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஏழில் இரண்டு சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவை. 2021-இல் வெளியான முடிவு: குளிர்வித்தவர்களில் 198-க்கு 84 இறப்பு, மற்றவர்களில் 201-க்கு 63. 42 சதவீதம், 31 சதவீதம். ஒன்பது குழந்தைகளைக் குளிர்வித்தால் ஓர் உயிர் கூடுதலாகப் போகிறது. மூன்று கிலோ குழந்தையை மூன்றரை டிகிரி இறக்க வேண்டிய ஐஸ் எவ்வளவு தெரியுமா? சுமார் 90 கிராம்.

ஒன்பதுக்கு ஓர் உயிர் என்ற அந்த எண்ணைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடியவில்லை. கருவி நல்ல கருவி, மருத்துவர்கள் தேர்ந்தவர்கள், வென்டிலேட்டர் இருந்தது. இருந்தும் முடிவு எதிர்த்திசையில் போயிற்று. இங்கே பல குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு பிரசவ நேரத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. அப்படியானால் குளிர் வந்து சேரும்போது காப்பாற்ற வேண்டிய நேரம் கடந்திருக்கும். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் துணையோடு, மின்சாரம் இல்லாமலே குளிரைப் பிடித்து வைக்கும் தொட்டிலை இந்திய நிறுவனம் ஒன்று உருவாக்கியிருந்தது. புதுச்சேரி ஜிப்மர் ஜெல் பேக் வைத்தே ஆய்வு செய்திருந்தது. குளிர்விக்கும் செலவைக் குறைப்பதில் நம்மவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். தடையாக இருந்தது செலவு அல்ல.

இனி மயிலாடுதுறை. 2011 கணக்கெடுப்பின்படி இந்த எல்லைக்குள் இருந்தவர்கள் 9,18,356 பேர். ஒரு கணக்குக்காக, லட்சம் பேரில் ஆண்டுக்கு 50 பேருக்கு மருத்துவமனைக்கு வெளியே இதயம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 459 பேர். அவர்களில் பத்தில் ஒருவர் துடிப்பு மீண்டு வார்டுக்கு வந்து சேர்கிறார் என்று வைத்தால் 46. இந்த 46 பேரையும் இயந்திரம் வைத்து 33 டிகிரிக்கு இறக்கினால், பிரெஞ்சு ஆய்வு எல்லோருக்கும் பொருந்தும் என்ற அதிகபட்ச நம்பிக்கையில் ஆண்டுக்கு இரண்டு பேருக்கு ஆதாயம். 2021 ஆய்வின்படி சைபர்.

இப்போது அதே 459-ஐ வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். நெஞ்சை அழுத்தாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் சரிகிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே அழுத்தத் தொடங்கினால் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பல நாடுகளில் கண்டது. 459 பேரில் பாதிப் பேருக்கு, அதாவது 229 பேருக்கு, யாராவது ஒருவர் கையை வைத்தால் பத்தில் ஒருவர் மீள்வது பத்தில் இருவர் ஆகும். கூடுதலாக 23 பேர். இயந்திரக் கணக்கில் இரண்டு, இந்தக் கணக்கில் இருபத்து மூன்று. 2013, 2021 ஆய்வுகளில் இருந்தவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு ஆம்புலன்ஸ் வருமுன்பே யாரோ ஒருவர் நெஞ்சை அழுத்தியிருந்தார். நம் பேருந்து நிலையத்தில் ஒருவர் விழுந்தால் முதலில் வருவது சோடா; இரண்டாவது, கையில் திணிக்கப்படும் சாவிக்கொத்து.

தூரமும் ஒரு செலவுதான். தரங்கம்பாடியிலிருந்து மயிலாடுதுறைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு சுமார் 70. நடுவில் ரயில்வே கேட், கும்பகோணம் நெரிசல், முகூர்த்த நாள் என்றால் கல்யாண மண்டப வாசல்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் போனாலும் தஞ்சைக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். இந்தத் தூரத்தைச் சுருக்கும் வேலையைத் தமிழ்நாடு முன்பே செய்து பார்த்திருக்கிறது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதயச் சிகிச்சை மையங்களோடு கோத்த திட்டத்தில் 2,420 மாரடைப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆக இறங்கியது. 29 பேருக்கு ஓர் உயிர். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் தரப்படுவது 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அடார்வாஸ்டாடின் 8. மாரடைப்பு இதய நிறுத்தமாக மாறுவதற்கு முன்பே மருந்து கொடுக்கும் ஏற்பாடு அது. குளிர்விக்கும் இயந்திரத்தின் விலையில் இந்த மாத்திரைப் பொட்டலம் எத்தனை வரும் என்று கணக்குப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

இதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செய்ய ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. காய்ச்சலை விடக்கூடாது என்பதில் இப்போது எல்லா வழிகாட்டிகளும் ஒரே பக்கம் நிற்கின்றன. வரம்பு 37.5, 37.7 என்று சற்று முன்பின். செவிலியர் மொழியில் சொன்னால் 100 ஃபாரன்ஹீட்டைத் தொடக்கூடாது. இதுவும் இலவசம் அல்ல. 2021 ஆய்வில் காய்ச்சலை மட்டும் தடுத்த குழுவிலேயே 46 சதவீதம் பேருக்குக் குளிர்விக்கும் கருவி தேவைப்பட்டது. மூளை அடிபட்டதால் வரும் காய்ச்சல் பாராசிட்டமாலுக்கு முழுசாகக் கட்டுப்படாது. மே மாத அக்னி நட்சத்திரத்தில் ஏசி ஓடாத வார்டில் அது இன்னும் கடினம். ஆனால் 39 டிகிரியை 37.5-க்கு இறக்க எடுக்க வேண்டிய வெப்பம் 75 கிலோ கலோரிதான். தடுப்பூசிப் பெட்டியின் இரண்டு ஐஸ் பேக். மாத்திரை ஒன்று இரண்டு ரூபாயை ஒட்டி. ஈரத்துணியும் மின்விசிறியும் கணக்கில் சேர்க்க வேண்டாதவை. கணக்கில் சேர்க்க வேண்டியவை நம்பகமான உள்வெப்ப முனை ஒன்று, ராத்திரி மூன்று மணிக்கும் அதைப் பார்த்து எழுதுகிற செவிலியர் ஒருவர்.

என் தீர்ப்பு இதுதான்: மயிலாடுதுறைக்கு இந்த இயந்திரம் வேண்டாம். கோரிக்கை மனு எழுதுகிறவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கூடுதல் செவிலியர் பணியிடம் கேளுங்கள். தடையில்லாத மின்சாரம் கேளுங்கள். பேருந்து நிலையத்திலும் ரயில் சந்திப்பிலும் மாயூரநாதர் கோயில் வாசலிலும் மின் அதிர்ச்சிப் பெட்டி கேளுங்கள். கடைமுகத் துலா நீராடலுக்கு ஐப்பசி கடைசி நாளில் காவிரிக் கரையில் கூடுகிற கூட்டத்துக்கு நடுவே அந்தப் பெட்டி ஒன்றும் அதை இயக்கத் தெரிந்த நான்கு பேரும் நிற்கட்டும். பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு பிற்பகலை ஒதுக்கி நெஞ்சை அழுத்தப் பழக்குங்கள்.

அதுவரை வாசகருக்கு: ஒருவர் சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் முட்டி போடுங்கள். நெஞ்சின் நடு எலும்பில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். கை வலித்தால் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.